எக்ஸ்ரே நார்மல்தான், ஆனாலும் ஊதிப் பாருங்கள்

"எக்ஸ்ரே நார்மல், ஆக்ஸிஜன் 98, அப்புறம் எதுக்கு டாக்டர் இந்த ஊதுற டெஸ்ட்?" நெஞ்சக நோய்ப் பிரிவில் இந்தக் கேள்வியைக் கேட்காத நாளே இல்லை. நியாயமான கேள்விதான். எக்ஸ்ரே நுரையீரலின் படத்தைக் காட்டும், உள்ளே போன காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று காட்டாது. ஆஸ்துமாவிலும், சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயிலும் கோளாறே அங்கேதான் இருக்கிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்றுதான் இழுக்கிறோம். நெஞ்சு நிறைய இழுத்தால் வளர்ந்த ஆணின் நுரையீரல் சுமார் 6 லிட்டர் பிடிக்கும், பெண்களுக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு கையிருப்பு இருப்பதால்தான் நுரையீரல் கணிசமாகக் கெட்ட பிறகும் பலருக்கு ஒன்றும் தெரிவதில்லை, மாடிப்படியில் இளைத்தால்கூட வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். முக்கி முக்கி ஊதினாலும் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் உள்ளேயே தங்கிவிடும். ஊதுகிற கருவியால் இந்த மிச்சத்தை அளக்க முடியாது, அதற்கு ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்க வைப்பது, மூடிய கண்ணாடி அறைக்குள் உட்கார வைப்பது என்று வேறு முறைகள் இருக்கின்றன.

ஸ்பைரோமெட்ரி என்கிற இந்த ஊதுற டெஸ்டில் உங்கள் ஒத்துழைப்புதான் முக்கால்வாசி வேலை. மூக்கில் கிளிப் போடுவார்கள். குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, முடிந்த மட்டும் இழுத்து, ஒரே மூச்சில் வெடிப்பது போல ஊத வேண்டும், அதோடு நிறுத்திவிடாமல் டெக்னீஷியன் "இன்னும், இன்னும்" என்று கத்தக் கத்தக் காற்று தீரும் வரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் விட்டாலோ ஓரத்தில் காற்று கசிந்தாலோ கணக்கு தப்பிவிடும், அதனால்தான் திரும்பத் திரும்ப ஊதச் சொல்கிறார்கள். சமீபத்தில் மாரடைப்போ, கண் அல்லது வயிற்று ஆபரேஷனோ ஆகியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் நாங்கள் முதலில் பார்ப்பது, மொத்தமாக ஊதிய காற்றில் எவ்வளவு முதல் ஒரு நொடியிலேயே வெளியே வந்தது என்பதைத்தான். இன்ஹேலர் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து ஊதியும் அது 70 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால் சி.ஓ.பி.டி.யைச் சந்தேகிப்போம். மருந்துக்குப் பிறகு அளவு நன்றாக ஏறினால் ஆஸ்துமா பக்கம் யோசிப்போம். பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காத, ஆனால் ஆயுள் முழுக்க விறகடுப்பு ஊதிய அம்மாக்களுக்கும் சி.ஓ.பி.டி. வருகிறது. அவர்களைத்தான் யாருமே இந்த டெஸ்டுக்கு அழைத்து வருவதில்லை.

கொரோனா சமயத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றிய "பத்து நொடி மூச்சடக்கினால் நுரையீரல் சுத்தம்" என்பதை இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், அது எதையும் நிரூபிக்காது. அதே மாதிரி, ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் மூன்று பந்துக் கருவி மூச்சுப் பயிற்சிக்கானது, டெஸ்டுக்கானது இல்லை. அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மெதுவாக உறிஞ்சிப் பந்தை மேலேயே இரண்டு மூன்று நொடி நிறுத்துங்கள்.

அடுத்த முறை வரும்போது பழைய ரிப்போர்ட்டையும் கொண்டு வாருங்கள். ஒருமுறை எடுத்த அளவைவிட, போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் மருந்தை மாற்றலாமா என்று முடிவு செய்ய முடியும்.