ஹூட்விங்க்: கண்ணைக் கட்டி ஏய்த்தல்

ஆங்கில நாளேடுகளில் எப்போதாவது தலைகாட்டும் வினைச்சொல் ‘ஹூட்விங்க்’. ஒருவரை நம்பவைத்து ஏமாற்றுவது என்பது பொருள். இரண்டு சொற்கள் ஒட்டிப் பிறந்தது. ‘ஹூட்’ தலையை மூடும் முக்காட்டுத் துணி. அதில் சிக்கல் இல்லை. ‘விங்க்’தான் இடறும். இன்று அது ஒற்றைக் கண்ணைச் சிமிட்டிச் சாடை காட்டுவது. சாடை காட்டுவதற்கும் ஏமாற்றுவதற்கும் முடிச்சுப் போடத் தோன்றும், அது பிழை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் கண்களை மூடுவதையே குறித்தது. குட்டித் தூக்கத்தை ‘ஃபார்ட்டி விங்க்ஸ்’ என்கிறார்களே, அந்தப் பழம்பொருளின் எச்சம்தான்.

ஆக, 16ஆம் நூற்றாண்டில் ‘ஹூட்விங்க்’ என்றால் துணியால் கண்ணைக் கட்டுவது, அவ்வளவே. 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஏமாற்றுதல் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது.

ஷேக்ஸ்பியரிடம் இரண்டு பொருளும் உண்டு. ‘ஆல்ஸ் வெல் தட் எண்ட்ஸ் வெல்’ நாடகத்தில் பரோலிஸ் என்றொரு வாய்ச்சவடால்காரன். அவனுடைய சொந்தப் படையினரே இரவில் வளைத்துப் பிடித்து, கண்ணைக் கட்டி, அர்த்தமில்லாத சொற்களைக் கத்தி எதிரிகள் போல நடிக்கிறார்கள். உயிருக்குப் பயந்து படையின் ரகசியங்களை அவன் கொட்டிவிடுகிறான். கட்டை அவிழ்த்தால் எதிரே நிற்பவர்கள் அவனுடைய ஆட்கள்! அங்கே கையாளப்படும் வினை ‘ஹூட்விங்க்’. சொல்லளவில் அது கண்ணைக் கட்டுவதுதான். நடப்பதோ முழு ஏமாற்று. ஒரு பொருள் இன்னொன்றாக மாறும் இடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ‘மேக்பெத்’தில் துணியே இல்லை. மன்னன் மறைவாக இன்பங்களில் திளைத்துக்கொண்டே உலகத்தை ஏமாற்றலாம் என்ற பொருளில் மேக்டஃப் என்ற பிரபு பேசுகிறான்.

தமிழில் என்ன சொல்வது? ‘ஏமாற்று’ பிழையில்லை, ஆனால் சப்பென்று இருக்கிறது. ‘கண்ணைக் கட்டு’ நேர்ப்பொருளுக்கு மட்டும் உதவும். ‘கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல’ என்றால் நமக்குத் திக்குத் தெரியாத தவிப்புதான் நினைவுக்கு வரும். ‘கண்ணை மறை’ என்பதும் ஒத்துவராது. கண்ணை மறைப்பது பாசமும் கோபமும்தான், இன்னொரு ஆள் அல்ல. கவனித்துக்கொண்டிருப்பவரை ஏமாற்றும் இடங்களில் ‘கண்ணில் மண்ணைத் தூவு’ கச்சிதம். மேக்டஃபின் பேச்சில் ‘ஊரார் கண்ணில் மண்ணைத் தூவலாம்’ என்று தயங்காமல் எழுதலாம். ஆசை காட்டிப் பணம் பறிப்பது போன்ற மற்ற இடங்களுக்கு ‘ஏய்த்தல்’ போதும்: “முதலீட்டாளர்களை ஏய்த்துவிட்டார்கள்.”