60 மேசை, 100 பேர்: இருக்கை முன்பதிவுச் செயலி எப்படி வேலை செய்கிறது?

100 பேர் பணிபுரியும் ஓர் அலுவலகத்தில், வாரத்தின் 5 வேலைநாட்களில் ஏதேனும் 3 நாள் நேரில் வந்தால் போதும் என்று நிர்வாகம் அறிவிப்பதாக வைத்துக்கொள்வோம். எத்தனை மேசைகள் வேண்டும்? சராசரிக் கணக்கு 60 என்கிறது. அதை நம்பி மீதி இடத்தைக் கட்டட உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால், பாதிக்குச் சற்றுக் குறைவான நாட்களில் யாராவது சிலர் பையைத் தோளில் மாட்டியபடி இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். 60 என்பது சராசரி மட்டுமே. ஒரு நாள் 54 பேர் வருவார்கள், இன்னொரு நாள் 66 பேர் வருவார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்தின் அளவை நிகழ்தகவியலின் ஈருறுப்புப் பரவலைக் கொண்டு கணக்கிடலாம். குறிப்பிட்ட ஒரு நாளில் ஒருவர் வருவதற்கான வாய்ப்பு 0.6 என்றும், ஒருவரின் வருகைக்கும் மற்றவரின் வருகைக்கும் தொடர்பில்லை என்றும் கொண்டால், 100 பேருக்கான திட்டவிலக்கம், அதாவது வருகை சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 5க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. அதன்படி 72 மேசைகள் போட்டுவிட்டால், இடம் போதாமல் போவது ஏறத்தாழ 200 நாளில் ஒரு நாள்தான். அலுவலகம் பெரிதாகும்போது தேவைப்படும் உபரி, விகிதத்தில் சுருங்குகிறது. 1,000 பேருக்கு அதே அளவு உறுதி கிடைக்க 720 மேசைகள் வேண்டியதில்லை, 640 போதும். கூட்டம் பெருகும்போது தனி மனிதர்களின் விருப்பங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதே இதற்குக் காரணம்.

இத்தகைய கணக்கைத் தொழில்துறைக்குக் கொண்டுவந்தவர் டென்மார்க்கின் அக்னர் க்ராரூப் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், சந்தாதாரர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் பேசப்போவதில்லை என்னும்போது எத்தனை இணைப்புகளை வைத்தால் அழைப்புகள் மறுக்கப்படுவதைச் சகிக்கத்தக்க அளவில் நிறுத்தலாம் என்று ஆராய்ந்தார். 1909இல் முதல் கட்டுரையையும், இன்றுவரை பயன்படும் சூத்திரத்தை 1917இலும் வெளியிட்டார். இணைப்புக்குப் பதில் மேசை, அழைப்புக்குப் பதில் ஊழியர் என்று மாற்றிக்கொண்டால் இரண்டும் ஒரே குடும்பத்துக் கணக்குகளே.

ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: ஒருவர் வருவதும் மற்றவர் வருவதும் தொடர்பற்றவை என்ற அனுமானம். அலுவலகத்தில் அது அப்படியே பொய்யாகிவிடுகிறது. மனிதர்கள் அலுவலகத்துக்கு வருவதே மற்ற மனிதர்களைப் பார்க்கத்தான். தனியாகச் செய்யும் வேலைக்கு வீடே போதும். மேலே சொன்ன 100 பேரும் பத்துப் பத்துப் பேராக 10 குழுக்களில் இருந்து, ஒவ்வொரு குழுவும் வந்தால் முழுதாக வரும், இல்லையென்றால் யாருமே வராது என்று கொள்வோம். சராசரி அதே 60தான். எனினும் முன்பு 72 மேசைகள் தந்ததற்கு நெருக்கமான உறுதியைப் பெற இப்போது 90 மேசைகள் வேண்டும்.

கிழமைகளின் ஈர்ப்பும் இதே வேலையைச் செய்கிறது. வாரயிறுதியை ஒட்டிய திங்களையும் வெள்ளியையும் வீட்டுக்கு வைத்துக்கொண்டு, செவ்வாய், புதன், வியாழனில் அலுவலகம் வருவதையே பலரும் விரும்புகிறார்கள். நடுவிலுள்ள மூன்று நாட்களில் வரும் வாய்ப்பு 0.8, ஓரத்து நாட்களில் 0.3 என்று வைத்தால் வாரச் சராசரி மாறாமல் 3 நாளாகவே இருக்கும். புதன்கிழமைக்கோ மறுபடியும் 90 மேசைகள் தேவைப்படும். அவற்றில் 60 மேசைகள் வெள்ளிக்கிழமை காலியாகக் கிடக்கும். எனவே மேசைகளைப் பங்கிட்டுக் கொடுப்பது முன்பதிவுச் செயலியின் சிறிய வேலைதான். யார் யாரோடு சேர்ந்து, எந்த நாளில் வரப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்து, அந்தச் சேர்க்கைகளை வாரம் முழுவதும் பரப்புவதே அதன் பெரிய வேலை.

முன்பதிவே இல்லாமல் இதைச் செய்து பார்த்த ஓர் அலுவலகத்தின் கதை இத்துறையில் பிரபலம். அமெரிக்க விளம்பர நிறுவனமான ஷையட் டே, 1994இல் தன் லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்தில் யாருக்கும் சொந்த மேசை கிடையாது என்று அறிவித்தது. ஊழியர்கள் காலையில் வந்ததும் ஒரு கவுன்டரில் மடிக்கணினியையும் தொலைபேசியையும் வாங்கிக்கொண்டு, கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். கருவிகளும் இடமும் போதாமல் போயின. முந்தி வந்தவருக்கே கிடைத்தன. கோப்புகளைச் சிலர் காரின் டிக்கியில் வைத்துக்கொண்டார்கள். 1998இல் நிறுவனம் ஒவ்வொருவருக்கும் தனி இடமுள்ள வேறு அலுவலகத்துக்கு மாறியது. மேசைகளை எல்லோருக்கும் பொதுவாக வைத்ததில் பெரிய தவறில்லை என்பது என் எண்ணம். இடம் இருக்கிறதா என்று வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி வைக்காததே தவறு.

அந்த வழியைத்தான் இன்றைய செயலி தருகிறது. திரையில் தளத்தின் வரைபடம் விரிகிறது; காலி மேசைகள் பச்சையாகவும், எடுக்கப்பட்டவை சிவப்பாகவும் தெரிகின்றன; சிவப்பு மேசையைத் தொட்டால் அங்கே உட்காரப்போகிறவரின் பெயர் வருகிறது. இந்தப் பெயர்தான் பெரும்பாலோர் செயலியைத் திறப்பதற்கான காரணம். அடியில் இருப்பது தரவுத்தளம். அதில் ஒவ்வொரு முன்பதிவும் மேசை எண், ஊழியர் எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம் என்று ஒரு வரியாகப் பதிவாகிறது. புதிய கோரிக்கை வரும்போது, அதே மேசையில் நேரம் மோதுகிறதா என்று பார்க்க வேண்டும். விதி எளிது: முதலாவது முடிவதற்கு முன் இரண்டாவது தொடங்கி, இரண்டாவது முடிவதற்கு முன் முதலாவதும் தொடங்கினால் மோதல். சென்னையிலிருந்து திருச்சி வரை ஒருவருக்கும், திருச்சியிலிருந்து மதுரை வரை இன்னொருவருக்கும் ரயிலில் ஒரே பெர்த்தைக் கொடுப்பது போல, 9 மணி முதல் 1 மணி வரை ஒருவருக்கும், 1 மணி முதல் 6 மணி வரை வேறொருவருக்கும் ஒரே மேசையை மோதலின்றிக் கொடுக்கலாம்.

சிக்கல், இருவர் ஒரே கணத்தில் ஒரே மேசையைத் தொடும்போதுதான் எழுகிறது. இருவரின் கோரிக்கையும் மேசை காலி என்று படித்துவிடும். பிறகு இரண்டும் தத்தம் பெயரை எழுதிவிடும். இரண்டு பேருக்கும் உறுதிச் செய்தி போய், மறுநாள் காலையில் ஒரே நாற்காலியின் முன் இருவரும் சந்திப்பார்கள். இதைத் தடுக்க, பார்ப்பதையும் எழுதுவதையும் இடையில் யாரும் நுழைய முடியாத ஒரே செயலாகத் தரவுத்தளம் இணைத்துவிடுகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்ற தரவுத்தளங்களில், ஒரே மேசைக்கு ஒன்றன்மேல் ஒன்று விழும் இரண்டு கால இடைவெளிகளை ஏற்காதே என்று அட்டவணையின் விதியாகவே எழுதிவைக்கலாம். அப்போது செயலியை எழுதியவர் அசந்துபோனாலும், மில்லிநொடி பிந்தி வந்த கோரிக்கையைத் தரவுத்தளமே நிராகரித்துவிடும்.

பதிவு செய்தவர் வராமல் போவது அடுத்த சிக்கல். எதற்கும் இருக்கட்டும் என்று வாரம் முழுவதற்கும் மேசையைப் பிடித்துவைப்பவர்கள் எல்லா அலுவலகங்களிலும் உண்டு. அவர்களால் திரை முழுக்கச் சிவப்பாகவும், தளம் பாதி காலியாகவும் இருக்கும். விமான நிறுவனங்கள் இருக்கைகளைவிட அதிகமான டிக்கெட்டுகளை விற்று இதைச் சமாளிக்கின்றன. அலுவலகத்தில் பொதுவாகச் செய்வது வேறு: மேசையின் மூலையில் ஒட்டிய க்யூஆர் கோடை வந்தவுடன் ஸ்கேன் செய்து செக்-இன் செய்ய வேண்டும், குறித்த நேரத்துக்குள் செய்யாவிட்டால் மேசை தானாக விடுபட்டு மற்றவர்களுக்குப் பச்சையாகத் தெரியும். இங்கும் தொடர்பின்மை என்ற அனுமானம் உடையும் நாட்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தண்ணீர் தேங்கிவிட்டால், பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் பதிவு செய்தவர்களில் பெரும்பகுதியினர் ஒரே காரணத்தால் ஒன்றாக நின்றுவிடுவார்கள். அந்த நாளின் தரவையும் சேர்த்துச் சராசரி எடுத்து மேசைகளைக் குறைக்கும் நிர்வாகம், வெயில் அடிக்கும் புதன்கிழமையில் மாட்டிக்கொள்ளும்.

செக்-இன்னை நம்பாத நிறுவனங்கள் மேசைக்கு அடியில் சென்சார் வைக்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிரை உணரும் கருவி. மனிதத் தோல் தன் வெப்பத்தால் 9 முதல் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி அதிகமாகக் கதிர்வீசுகிறது. கருவியில் எதிரெதிர் மின்முனைப்புடன் இணைத்த இரண்டு உணர்பகுதிகள் உள்ளன. அறை முழுவதும் சூடானால் இரண்டும் சமமாகத் தூண்டப்பட்டு, ஒன்றின் மின்குறிப்பை மற்றது அழித்துவிடும். வெப்பமான உடல் ஒன்று அசைந்தால் ஒரு பகுதி முந்தியும் மற்றது பிந்தியும் தூண்டப்பட, அந்த வேறுபாடே மின்குறிப்பாக வெளிவருகிறது. ஆகவே இது உணர்வது இருப்பை அன்று, அசைவைத்தான். திரையை அசையாமல் பார்த்தபடி யோசித்துக்கொண்டிருப்பவர் இதன் கணக்கில் இல்லாதவர். அதனால்தான், கடைசி அசைவுக்குப் பிறகும் சில நிமிடங்கள் ஆள் இருப்பதாகவே கொள்ளும்படி மென்பொருளை அமைக்கிறார்கள். மூச்சில் மார்பு ஏறி இறங்குவதைக்கூட உணரும் மில்லிமீட்டர் அலை ரேடார் சென்சார்களும் வந்துவிட்டன.

ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் கருவி, ஆள் எத்தனை நேரம் எழுந்து போனார் என்றும் சொல்லும். லண்டனில் டெய்லி டெலிகிராப் நாளிதழின் செய்தி அலுவலகத்தில் 2016 ஜனவரியில் மேசைகளுக்கு அடியில் இத்தகைய சென்சார்களை வைத்தார்கள். பத்திரிகையாளர்கள் எதிர்த்ததும் அன்றே கழற்றினார்கள். ஒரு தளத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போதுமானால், கூரையில் கரியமில வாயுவின் அளவைப் பார்க்கும் சென்சாரே ஓரளவு சொல்லிவிடும். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்காக இருக்கும் அந்த வாயு, ஆட்கள் நிறைந்த மூடிய அறையில் 1,000 பங்கைத் தாண்டுவது சாதாரணம். அந்த அளவை வைத்தே புதுக்காற்றைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். யாருடைய நாற்காலியையும் அது வேவு பார்ப்பதில்லை என்பதால், நான் அதன் பக்கம்.

செயலி மேசைகளை நிரப்பும் வரிசையும் மின்கட்டணத்தைப் பாதிக்கிறது. வெள்ளிக்கிழமை வரும் 30 பேர் மூன்று தளங்களில் சிதறி உட்கார்ந்தால் மூன்று தளங்களிலும் ஏசி ஓட வேண்டும். ஒரு தளம் நிறைந்த பிறகே அடுத்ததைத் திறப்பது என்று விதி வைத்தால் இரண்டு தளங்களை அணைத்துவிடலாம்.

மீண்டும் குழுக்களுக்கு வருவோம். சில நாள் வீட்டிலும் சில நாள் அலுவலகத்திலும் பணியாற்றும் ஹைபிரிட் முறை குறித்து நடந்த மிகக் கவனமான ஆய்வுகளில் ஒன்று, ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் சக ஆய்வாளர்களும் சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் நடத்தியது. 2024இல் நேச்சர் இதழில் வெளியானது. 1,612 ஊழியர்களைப் பிறந்த தேதி ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பிரித்து, ஒரு பிரிவினரை மட்டும் புதனும் வெள்ளியும் வீட்டிலிருந்து பணியாற்ற அனுமதித்தார்கள். அவர்களில் வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. செயல்திறன் மதிப்பீட்டில் இரு பிரிவுகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இப்படி எல்லோருக்கும் ஒரே நாட்களை வகுத்தால் திங்கள், செவ்வாய், வியாழனில் ஒரு மேசைகூட மிச்சமாகாது. ஊழியரைத் தக்கவைப்பது வேறு, வாடகையைக் குறைப்பது வேறு. இரண்டும் ஒரே திட்டத்தில் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைக்கக் கூடாது.

வாடகையும் குறைய வேண்டுமானால் குழுக்களுக்கு வெவ்வேறு நாட்களைக் கொடுக்க வேண்டும். 5 நாட்களில் 3 நாட்களைத் தேர்ந்தெடுக்க மொத்தம் 10 வழிகள் உள்ளன. நம்மிடம் 10 குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழியைக் கொடுத்தால், எந்த நாளை எடுத்தாலும் சரியாக 6 குழுக்களே அலுவலகத்தில் இருக்கும். எதேச்சையாக விட்டால் 90 மேசைகள் கேட்ட அதே குழுக்களுக்கு இப்போது 60 போதும். அதோடு, எந்த இரண்டு குழுக்களை எடுத்தாலும் வாரத்தில் ஒரு நாளாவது சேர்ந்து வந்தே தீரும். 5 நாட்களுக்குள், மும்மூன்று நாள் கொண்ட இரண்டு தொகுப்புகளை ஒன்றோடொன்று படாமல் வைக்க முடியாதல்லவா?

இதைப் பார்த்து ஆசைப்பட்டு 3 நாளை 2 நாளாகக் குறைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. அப்போதும் வழிகள் 10தான். நாளுக்கு 4 குழுக்கள், 40 மேசைகள். ஆனால் திங்கள், செவ்வாயில் வரும் குழு, புதன், வியாழன், வெள்ளியில் ஏதேனும் இரண்டு நாட்களில் வரும் 3 குழுக்களை ஒருபோதும் பார்க்காது. எல்லாக் குழுக்களுக்கும் இதே நிலை. சந்திக்காத குழுக்களைக் கோடுகளால் இணைத்தால் 10 புள்ளிகளும் 15 கோடுகளும் கொண்ட ஒரு படம் கிடைக்கும். எர்லாங் படித்த கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜூலியஸ் பீட்டர்சன், 1898இல் வேறொரு கணக்குக்காக வரைந்த படமும் இதுவே. புள்ளிகளும் கோடுகளும் கொண்ட படங்களை ஆராயும் கணிதப் பிரிவான கோட்டுருவியலில் அது இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அந்த 15 இணைகளில் வடிவமைப்புக் குழுவும் தயாரிப்புக் குழுவும் இருந்துவிட்டால் எந்தச் செயலியாலும் அவர்களை ஒரே நாளில் உட்காரவைக்க முடியாது. யார் யாரைச் சந்திக்காமல் இருக்கலாம் என்பதை நிர்வாகம்தான் முடிவு செய்து, அதற்கேற்பக் குழுக்களை அந்தப் புள்ளிகளில் பொருத்த வேண்டும்.