மைக்ரோஸ் சொன்ன 36

சம்மாந்துறை அரிசி ஆலை ஒன்றுக்கு, மோட்டார் தண்டின் சுற்றை எண்ணும் சிறு கருவியைச் செய்துகொடுத்த தம்பி ஒருவர், அறுவடை முடிந்த கையோடு அதைக் கழற்றிக்கொண்டு கல்லடியிலுள்ள என் பட்டறைக்கு வந்தார். "மெதுவாக ஓடினால் கணக்குச் சரி அண்ணா. முழு வேகத்தில் குறைத்துக் காட்டுகிறது."

தண்டின் சுழற்சியை மின்துடிப்பாக்கும் என்கோடர் சுற்றுக்கு 1024 துடிப்புத் தரும்; நிமிடத்துக்கு 1440 சுற்று. அப்படியானால் ஏறத்தாழ 40.7 மைக்ரோசெக்கனுக்கு ஒரு துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு ஓடும் இன்டரப்ட் நிரல் அதற்குள் முடியாவிட்டால் துடிப்புகள் தவறிப்போகும். அந்த நிரலை, மைக்ரோசெக்கனில் நேரம் சொல்லும் மைக்ரோஸ் கட்டளையால் அளந்திருந்தார்: 36. நாலரைக்கு மேல் மிச்சம் இருக்கிறதே என்பது அவர் வாதம்.

கருவியின் மூளையான ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில் மைக்ரோஸ் நாலு நாலாகத்தான் எண்ணும். பலகையின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத் துடிப்பை டைமர் 0 என்ற உள் எண்ணி, 64ஆல் வகுத்து எண்ணுவதே காரணம். ஆகவே அந்த 36, 32க்கும் 40க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். நெல் மூடை நிறுக்கும் தராசில் தங்கம் நிறுத்திருக்கிறார்!

சும்மா கிடந்த டைமர் 1ஐ எடுத்தோம். ஆர்டுயினோ தொடக்கத்திலேயே அதைப் பிடபிள்யூஎம் (மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து அளவைக் கட்டுப்படுத்தும்) வேலைக்கு அமைத்துவிடுகிறது; அப்படியே விட்டால் 255 வரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதை அமைக்கும் பதிவேடுகளான (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடங்கள்) டிசிசிஆர்1ஏயில் 0, டிசிசிஆர்1பியில் 1 எழுதியதும் வகுக்காமல் எண்ணத் தொடங்கியது: ஓர் எண்ணிக்கை 62.5 நனோசெக்கன். நிரலுக்கு முன்னும் பின்னும் எண்ணிக்கையை வைத்திருக்கும் டிசிஎன்டி1ஐ வாசித்துக் கழித்தோம். வாசிப்பதற்கே சில எண்ணிக்கை செலவாகும். நடுவில் ஒன்றுமில்லாமல் ஒருமுறை அளந்து அதையும் கழித்தோம். 604. அதாவது 37.75 மைக்ரோசெக்கன்.

இதிலும் முழு உண்மை இல்லை. இன்டரப்டுக்குள் நுழையும்போது செயலியின் பதிவேடுகளைச் சேமிக்கவும், வெளியேறும்போது மீட்கவும் இன்னும் சில மைக்ரோசெக்கன் போகிறது. அதைக் கூட்டினால் 40.7 தாண்டிவிடுகிறது. குற்றவாளி உள்ளே இருந்த தசம வகுத்தல். அதை வெளியே முதன்மை நிரலுக்குத் தூக்கிப் போட்டதும் 118 எண்ணிக்கையாகக் குறைந்தது.

இந்த டைமர் 4.096 மில்லிசெக்கனில் மறுபடி பூச்சியத்துக்கு வந்துவிடும். நீண்ட வேலைக்கு உதவாது. சர்வோ மோட்டாரை ஓட்டும் நூலகமும், 9ஆம் 10ஆம் முனைகளின் பிடபிள்யூஎமும் இதே டைமரையே நம்பியிருக்கின்றன.

ஒரு வாரம் கழித்துத் தம்பி தொலைபேசியில் அழைத்தார். வேறொரு கணக்கீட்டை அளந்தாராம், 0 வந்ததாம், குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. விடையை எங்கேயாவது பயன்படுத்தினீர்களா என்று கேட்டேன். இல்லை. பயன்படாத கணக்கை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் சத்தமில்லாமல் நீக்கிவிட்டிருந்தது. உள்ளீட்டையும் விடையையும் வொலடைல் (நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்) என்று அறிவித்து மறுபடி அளக்கச் சொன்னேன். 212.