பாகல் பந்தலுக்குக் கீழே குனிந்து பாருங்கள்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் காய்கறி போடுகிறவர்கள் பலர் இப்போது கிருஷிபவனுக்கு, அதாவது கேரள அரசின் விவசாய அலுவலகத்துக்கு, வந்து, "மருந்தே அடிக்காம காய் எடுக்க முடியுங்களா?" என்று கேட்கிறார்கள். கேட்க சந்தோஷமாக இருக்கிறது. முடியும் என்று சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: "அப்போ அதுக்குப் பதிலா எதை அடிக்கறதுங்க?" சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வாரம் ஒருமுறை கடை மருந்து அடித்த தோட்டத்தில் வாரம் ஒருமுறை ஏதோ ஒரு கரைசலை அடித்தால், தெளிப்பான் டாங்கிக்குள் இருப்பது மட்டும்தான் மாறியிருக்கிறது. பூச்சி ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் சந்தையில் 'மூலிகைச் சாறு', 'இயற்கைப் பூச்சிவிரட்டி' என்று பாட்டில்கள் வருகின்றன. நல்ல சரக்கும் உண்டு. ஆனால் அடித்த சில மணி நேரத்தில் புழுவெல்லாம் செத்து விழுகிறது என்றால் சந்தோஷப்பட வேண்டாம், சந்தேகப்படுங்கள். வேம்பு அப்படி வேலை செய்யாது. அது புழுவைத் தின்னவிடாமல் செய்யும், தோலுரித்து வளரவிடாமல் தடுக்கும், மெதுவாகத்தான் ஒடுக்கும். உடனடியாகக் கொல்கிற 'மூலிகை'யில் ரசாயனம் கலந்திருக்கலாம். வாங்கும் முன் லேபிளைப் பாருங்கள். பூச்சிமருந்து என்று விற்கிற எதற்கும் பதிவு எண், நச்சின் அளவைக் காட்டும் வண்ண அடையாளம், தயாரித்த தேதி, காலாவதித் தேதி இருக்க வேண்டும். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்றவை பயிர் நோயைத் தடுக்கிற நுண்ணுயிர்கள், உயிருள்ள சரக்கு. தேதி தாண்டிவிட்டால், வெயிலில் கிடந்துவிட்டால், காசு கொடுத்து வெறும் மாவு வாங்கியதாகத்தான் அர்த்தம்.

இன்னொன்று புகையிலைக் கஷாயம். வீட்டில் காய்ச்சுவதால் கெடுதல் இல்லை என்று நினைக்கிறார்கள். அதிலிருக்கும் நிகோடின் கடும் விஷம், தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். வெறுங்கையால் பிழிந்துவிட்டுத் தலைசுற்றல், வாந்தி என்று படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தக்காளிக்கும் மிளகாய்க்கும் தேமல் நோய் வைரஸைப் புகையிலையே கொண்டுவரவும் கூடும். இதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அரசாங்கத் தடைகளும் தெரிந்திருக்க வேண்டும். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் அடிக்கக்கூடாது என்று நாடு முழுக்க 2005-லேயே தடை வந்துவிட்டது. 2011-ல் கேரளம் கார்போஃப்யூரான் குருணை உட்படப் பல மருந்துகளை நிறுத்தியது. கொஞ்ச நேரம் வண்டி ஓட்டினால் மாநிலமே மாறிவிடுகிற ஊர் நம்முடையது. தமிழ்நாட்டுப் பக்கம் வாங்கி இந்தப் பக்கம் தூவுவது சுலபம்தான். ஆனால் அந்தக் காயை முதலில் சாப்பிடுவது நம் வீட்டுப் பிள்ளைகள்.

சரி, மண்ணுக்கு வருவோம். நம் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் கேரளத்திலேயே தனி. இங்கே கறுப்பு மண். மழையும் குறைவு. கேரளத்தின் பெரும்பகுதி அமிலத்தன்மையுள்ள மண் என்பதால், விவசாயக் கையேடுகளில் எந்தப் பயிருக்கும் முதல் வேலையாகக் கும்மாயம், அதாவது நீற்றிய சுண்ணாம்பு, போடச் சொல்லியிருக்கும். அதைப் படித்துவிட்டு நம் கறுப்பு மண்ணிலும் மூட்டை மூட்டையாகப் போடுகிறார்கள். இந்த மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம். இன்னும் போட்டால் இரும்பும் துத்தநாகமும் வேருக்குக் கிடைக்காமல் போகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இளம் இலை மஞ்சளாகும். அதை நோய் என்று நினைத்து மறுபடியும் எதையாவது அடிப்பார்கள். அதனால் மண் பரிசோதனை முதலில், மற்றதெல்லாம் அப்புறம். கறுப்பு மண்ணுக்கு வேண்டியது மக்கிய எரு. பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, நாற்பது நாற்பத்தைந்து நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழுதால் மண் பொலபொலவென்று ஆகும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பந்தலைச் சாய்ப்பது கண்ணுக்குத் தெரியும், மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போவது தெரியாது. வாடிய செடியில்தான் சாறு உறிஞ்சும் பூச்சிகள் செய்கிற சேதம் பெரிதாகத் தெரியும். மேற்குப் பக்கம் மக்காச்சோளமோ அகத்தியோ நெருக்கமாக இரண்டு மூன்று வரிசை விடுங்கள். காற்றும் மட்டுப்படும், வெண்டைக்கு மஞ்சள் நரம்பு நோயைக் கொண்டுவருகிற வெள்ளை ஈ வரத்தும் குறையும். பாத்தியில் பனையோலை, சருகு என்று கிடைப்பதைப் போட்டு மூடாக்கு வையுங்கள்.

இப்போது பாகல். இங்கே அதிகம் கண்ணீர் விட வைக்கிற பயிர் இதுதான். முழங்கால் வலியோடு நாற்பது சென்ட் தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிற ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டிருந்தார். "பிஞ்சுலயே பழுத்துப் போகுதுங்க மேடம், வேப்பெண்ணெய் அடிச்சும் நிக்கலீங்க" என்றார். பந்தலில் தொங்கிய ஒரு காயைப் பறித்துப் பார்த்தோம். விரல் நீளம்தான், ஒரு பக்கம் வளைந்து மஞ்சள் பூத்திருந்தது. வளைவின் உள்பக்கத்தில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, அதில் பிசின் கசிந்து காய்ந்திருந்தது. பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழுக்கள். ஒன்று உடம்பை வளைத்து, சுண்டிவிட்டது போல என் உள்ளங்கையிலிருந்து துள்ளி மண்ணில் விழுந்தது. "இதுங்க மேடம், இதுதான் எங்க பாத்தாலும் குதிக்குது" என்றார். பந்தலுக்குக் கீழே குனிந்து பார்த்தால், பொறுக்காமல் விட்ட சொத்தைக் காய்கள் அழுகிக் கிடந்தன.

இது பழ ஈயின் வேலை. ஈ பிஞ்சைக் குத்தித் தோலுக்குள் முட்டை வைக்கிறது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, துள்ளி இறங்கி, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, அடுத்த ஈயாக வெளியே வருகிறது. காய்க்கு உள்ளே இருக்கிற புழுவை மேலே அடிக்கிற வேப்பெண்ணெய் எப்படித் தொடும்? அதனால் வேலை கீழே தொடங்க வேண்டும். விழுந்த காய், மஞ்சளான காய் எல்லாவற்றையும் நாள் தவறாமல் பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். எருக்குழியில் போட்டால் அங்கேயே பெருகும். பந்தலடியை அவ்வப்போது கொத்திவிட்டால் கூட்டுப்புழு மேலே வந்து வெயிலிலும் கோழி வாயிலும் போய்விடும். பிஞ்சு பிடித்ததும் காகிதக் கூடு மாட்டுங்கள். ஆண் ஈக்களை இழுக்கிற கியூலூர் பொறியைப் பதினைந்து சென்டுக்கு ஒன்று வீதம் பூ எடுக்கும்போதே தொங்கவிடுங்கள். பக்கத்துத் தோட்டக்காரரும் மாட்டினால்தான் முழுப் பலன். இந்த விஷயத்தில் வேலிக்கு அந்தப் பக்கமும் உங்கள் தோட்டம்தான்.

வேம்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. இலை தின்னும் புழு, அசுவினி, வெள்ளை ஈ இவற்றுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் அருமையானது. நிழலில் உலர்த்திய பருப்பு அரைக் கிலோவை இடித்து, துணியில் கட்டி ஒரு இரவு ஊறவைத்துப் பிழிந்து, பத்து லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துக் கலந்து அன்றைக்கே அடித்துவிட வேண்டும். சாயங்காலம்தான் அடிக்க வேண்டும், வெயில் பட்டால் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும்.

ஜீவாமிர்தம், அதாவது சாணம், கோமியம், வெல்லம் எல்லாம் கலந்து புளிக்கவைத்த கரைசல், போடுகிறவர்கள் வேர்ப்பக்கம் ஊற்றுங்கள். பச்சைச் சாணம் கலந்த எதையும் பறிக்கப்போகிற கீரை மேல் தெளிக்காதீர்கள், சாணத்தில் இருக்கிற கிருமி இலையிலேயே தங்கிவிடும். கீரையை வாய்க்கால் தண்ணீரில் அலசிக் கட்டுகிற பழக்கமும் வேண்டாம்.

அப்புறம் விற்பனை. வேலந்தாவளம் சந்தையில் ஏலத்துக்குப் போனால் மருந்தடித்த கத்தரியும் அடிக்காத கத்தரியும் ஒரே விலைதான், ஓட்டை இருந்தால் அதற்கும் கீழே. சின்னத் தோட்டத்துக்காரர் ஒரே பயிரை மொத்தமாகப் போட்டு ஏலத்தை நம்பக்கூடாது. வெண்டை, கத்தரி, தட்டைப்பயறு, கீரை என்று கலந்து, பதினைந்து இருபது நாள் இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்து, பக்கத்து வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் நேரடியாகக் கொடுங்கள். விளைவிக்கிற சிறு விவசாயி நேரடியாகச் சாப்பிடுகிறவருக்கே விற்பதற்குச் சான்றிதழ் கட்டாயமில்லை. கடை வழியாக 'ஆர்கானிக்' என்று விற்கத்தான் சான்றிதழ் வேண்டும். அதற்குத் தனியாகப் பெரிய செலவு செய்ய வேண்டாம். பக்கத்துப் பக்கத்தில் ஐந்து பேர் சேர்ந்தால் பி.ஜி.எஸ். முறையில் குழுவாகப் பதிவு செய்யலாம். ஒருவர் தோட்டத்தை மற்றவர்கள் வந்து பார்த்து உறுதி சொல்கிற முறை அது.

ஓணத்தைக் குறிவைத்து விதைக்கிறவர்கள் முழுத் தோட்டத்தையும் இந்த வருஷமே மாற்ற வேண்டாம். பத்து சென்டில் தொடங்குங்கள், அதையும் வீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிற பத்து சென்டாகப் பாருங்கள். நாள் தவறாமல் பொறுக்க அதுதான் கைக்கு எட்டும். விதை வாங்கப் போகிற அன்றைக்கே தோட்டத்தில் நாலைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கிருஷிபவனுக்குக் கொண்டு வாருங்கள்.