இறையாண்மை: இறை யார், ஆண்மை எது?

நாகர்கோவில் நகைக்கடையில் தங்கம் சவரன் கணக்கு. கேரள எல்லையான களியக்காவிளை தாண்டினால் அதுவே பவன். சவரன் என்பது ‘சாவரின்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழ் வாய். 1489இல் ஏழாம் ஹென்றி, தான் அரியணையில் அமர்ந்திருக்கும் உருவத்தோடு அடித்த தங்கக் காசுக்கு அந்தப் பெயர் வந்தது. 1817 முதல் அச்சான காசு ஏறத்தாழ 7.99 கிராம்; நம் கடைக் கணக்கில் முழுசாக 8. காசாக வந்தபோது அந்தச் சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது. அரசியல் கருத்தாக வந்தபோதுதான் தமிழ் தனக்கென்று ஒரு சொல்லைக் கட்ட வேண்டியிருந்தது: இறையாண்மை.

இதை எழுதுவோர் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ‘இறையான்மை’ என்று றன்னகரம் போடுவது ஒன்று. ‘ஆண்மை’ என்றதும் ஆண்பிள்ளைத்தனம் என்று எண்ணிக்கொண்டு, இந்தச் சொல்லே வேண்டாம் என்று ஒதுக்குவது இன்னொன்று. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் தீர்ந்துவிடும். இறை + ஆள் + மை. ளகரத்துக்குப் பின் மெல்லினம் வந்தால் ளகரம் ணகரமாகும். நன்னூல் இதை ‘மெலி மேவின் னணவும்’ என்று முடித்துவிடுகிறது. கேள் + மை கேண்மை ஆவதும், நாள் + மீன் நாண்மீன் ஆவதும் இதே வழியில்தான். மேலாண்மை என்று நாள்தோறும் எழுதுகிறோம். அதில் யாரும் ஆணைத் தேடுவதில்லை. குறள் 1026 இன்னும் தெளிவு: ‘நல்லாண்மை என்பது ஒருவற்குத் தான்பிறந்த இல்லாண்மை ஆக்கிக் கொளல்.’ இல்லாண்மை என்றால் இல்லத்தை ஆளும் தன்மை. இல்லாள் என்ற சொல்லிலும் இருப்பது அந்த ஆள்தான்.

முன்பாதியான ‘இறை’தான் சிக்கலானது, சுவையானதும்கூட. இறை என்றால் அரசன், கடவுள், வரி. மூன்றும் பழைய வழக்கு. குறள் 733இல் ‘இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு’ என்று அரசனும் வரியும் ஒரே வேரில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். கல்வெட்டுகளில் ‘இறையிலி’ என்றால் வரி நீக்கிய நிலம். கடவுள் இல்லை என்போன் என்று அதைப் படித்துவிடக் கூடாது. குறள் 388 இன்னொரு வாசலைத் திறக்கிறது: முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்களுக்கு ‘இறையென்று வைக்கப் படும்’. ‘வைக்கப்படும்’ என்ற வினையைக் கவனிக்க வேண்டும். அவன் பிறப்பால் இறை என்று குறள் சொல்லவில்லை. முறைசெய்தால் மக்கள் அவனை அந்த இடத்தில் வைக்கிறார்கள்.

ஐரோப்பியச் சொல்லில் ஆள்பவர் யாரும் இல்லை. லத்தீனின் ‘சூப்பர்’, அதாவது மேலே என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது அது. ஆங்கிலத்தில் ஆட்சியைக் குறிக்கும் ‘ரெய்ன்’ என்ற சொல்லின் சாயலில் நடுவே ஒரு ‘ஜி’யும் ஏறிக்கொண்டது, உச்சரிப்பில் அது வாய் திறப்பதில்லை. 1576இல் பிரெஞ்சுச் சட்ட அறிஞர் ழான் போதேன் இதற்கு வரையறை தந்தார்: ஒரு நாட்டின் முழுமையான, காலவரையற்ற அதிகாரம். தனக்கு மேல் இன்னொரு ஆணையிடும் வாய் இல்லாத நிலை. மலையாளத்தின் ‘பரமாதிகாரம்’ இந்த உயரத்தை அப்படியே பிடித்துக்கொண்டது. சித்தூர்ப் பக்கம் தெலுங்கில் கேட்கும் ‘சார்வபௌமாதிகாரம்’ உயரத்தை விட்டுப் பரப்பைப் பிடித்தது: சர்வ பூமிக்கும் உரியவன் சார்வபௌமன். இவ்விரண்டிலும் ‘எவ்வளவு’ என்பது தெரிகிறது. இறையாண்மையைச் சொன்னால் மட்டும் ‘இறை யார்’ என்ற கேள்வி கூடவே வருகிறது. எல்லையோரத்தில் மூன்று சொல்லும் காதில் விழும். தமிழ்ச் சொல்தான் வாதத்துக்கு அதிகம் இடம் தருகிறது.

அந்தக் கேள்விக்கு, பின்னாளில் திருவிதாங்கூர் ஆன வேணாட்டு மண்ணில் கிடைத்த விடைகள் பல. கல்குளம் பகுதியில் மணலிக்கரைக் கல்வெட்டு, கொல்லம் ஆண்டு 410, அதாவது கி.பி. 1235. விளைச்சல் பொய்த்த ஆண்டில் வரியை எப்படித் தணிப்பது என்று அரசுத் தரப்பும் ஊர்ச் சபையும் கூடி எழுதிய ஏற்பாடு அது. அரசன் இருக்கிறான், வரியும் இருக்கிறது. எவ்வளவு என்பதில் மட்டும் ஊரின் சொல்லுக்கும் எடை உண்டு. போதேன் வரையறைப்படி அளந்தால் அந்த அரசனிடம் இருந்தது முழு இறையாண்மை ஆகாது.

1750 ஜனவரியில், கொல்லம் 925 மகரம் 5 அன்று, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா வேறொரு விடையை எழுதினார். உடைவாளைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி சன்னதியில் வைத்து, நாட்டையே கடவுளுக்கு எழுதிக் கொடுத்தார். அதற்குத் திருப்படித்தானம் என்று பெயர். பிறகு அந்த வாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பத்மநாபதாசன் என்ற பெயரில் ஆண்டார். எண்ணிப் பார்த்தால் இது சட்டத் திறமை. அப்போதுதான் புதிதாகப் பிடித்துச் சேர்த்த நாடுகளில் யார் அரசனை எதிர்த்தாலும் அது கடவுளை எதிர்ப்பதாகும். இறை என்ற சொல்லின் அரசன், கடவுள் என்ற இரு பொருளும் பிரிந்து இரண்டு ஆட்களாயின: உடையவர் கடவுள், ஆள்பவர் அவர் அடியார்.

ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி பத்மநாபரோடு பேசவில்லை. 1805 ஒப்பந்தத்தின்படி திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்வார். உள்ளே அரசாட்சி, மேலே இன்னொரு பிடி. இந்த மேல்பிடிக்கு இறையாண்மை என்று எழுதினால் குழப்பம். மேலாட்சி என்பதே பொருந்தும். 1947இன் இந்திய விடுதலைச் சட்டம் 7ஆம் பிரிவில் இந்த மேலாட்சி ஒழிந்தது. ஒழிந்தபின் அது யாருக்குப் போகும் என்பதில்தான் சண்டை. மேலாட்சி நீங்கியதும் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் 1947 ஜூன் 11இல் அறிவித்தார். ஜூலை 25இல் அவர் மேல் வெட்டு விழுந்தது. மாதம் முடிவதற்குள் மன்னர் இணைய இசைந்துவிட்டார்.

இணைப்பு ஆவணத்தில் கொடுத்தவை மூன்றே துறைகள்: பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு. எல்லாச் சமஸ்தானங்களுக்கும் பொதுவான அந்தப் படிவத்தின் 8ஆம் பத்தி, இந்த நாட்டின் மேல் மன்னருக்குள்ள இறையாண்மையை இது தொடாது என்கிறது. ‘இணைந்த அன்றே இறையாண்மை போயிற்று’ என்று எழுதுவோர் இந்தப் பத்தியைப் பார்ப்பதில்லை. அது படிப்படியாகவே கரைந்தது. 1949 ஜூலை 1இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1950 ஜனவரி 26இல் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது. மன்னர்களுக்குக் கொடுத்துவந்த மானியமும் மன்னர் என்ற ஏற்பும் 1971இன் 26ஆம் திருத்தத்தில் முடிந்தன.

அரசமைப்பு தந்த விடை, மக்கள். 1947 ஜனவரி 22இல் அரசமைப்பு அவை ஏற்ற குறிக்கோள் தீர்மானம், எல்லா அதிகாரமும் மக்களிடமிருந்தே பிறக்கிறது என்றது. சில சமஸ்தான மன்னர்கள் இதற்கே முகம் சுளித்தார்கள். நேரு அவையிலேயே பதில் சொன்னார். முகப்புரையும் மக்களாகிய நாம் என்றே தொடங்குகிறது. ‘இறையென்று வைக்கப்படும்’ என்பதில் வைக்கிறவர்கள் யாரோ, அவர்களே இறை ஆகிவிட்டார்கள்.

மக்கள் என்றால் எந்த மக்கள்? எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வியாக இருந்ததில்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருத்தணி 1960 ஏப்ரல் 1இல் வந்தது. எந்த மாநிலமும் இன்னொன்றோடு உடன்படிக்கை போட்டு இவை மாறவில்லை; நாடாளுமன்றம் சட்டம் போட்டு மாற்றியது. அரசமைப்பின் 3ஆம் உறுப்பின்படி மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், இசைவு தேவையில்லை. அதே நிலத்தை அயல்நாட்டுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் கதை வேறு. பெருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது குறித்த வழக்கில் 1960இல் உச்ச நீதிமன்றம் அதற்கு அரசமைப்புத் திருத்தமே வேண்டும் என்றது. மாநிலங்களுக்கு இறையாண்மை இல்லை என்று மேற்கு வங்க வழக்கில் 1962இல் அதே நீதிமன்றம் சொன்னது. ஆகவே ‘மாநில இறையாண்மை’ என்று மேடையில் பேசலாம். சட்டப்படி அப்படி ஒன்று இல்லை. மாநிலத்துக்குக் கேட்க வேண்டியது தன்னாட்சி, பழைய வழக்கில் சுயாட்சி.

இன்னொரு மயக்கம் உடைமைக்கும் ஆட்சிக்கும் இடையே. தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அங்கே திருட்டு நடந்தால் வழக்கு தமிழ்நாட்டுக் காவல் நிலையத்துக்கு. முல்லைப் பெரியாறு இதன் மறுபுறம்: மண் கேரளத்தில், 1886 அக்டோபர் 29இன் 999 ஆண்டுக் குத்தகை தமிழ்நாட்டின் கையில். 8000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வாடகை. 1970இல் அது 30 ஆயிற்று, மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போயிற்று. இரண்டு இடத்திலும் சொத்து ஒருவருக்கு, அதிகார எல்லை இன்னொருவருக்கு, இறையாண்மை இரண்டு மாநிலத்துக்கும் இல்லை. இந்த மூன்றையும் ஒரே சொல்லில் போட்டுக் கலக்கினால் வாதம் நாள் முழுக்க நடக்கும், எங்கும் போய்ச் சேராது. பத்மநாபசுவாமி கோயில் வழக்கில் 2020 ஜூலை 13இல் வந்த தீர்ப்பிலும் இதே பிரிவினைதான்: அரசாட்சி போனபின்னும் கோயில் நிர்வாக உரிமை திருவிதாங்கூர் அரச குடும்பத்திடம் தொடரலாம்.

இறையாண்மைக்கு மாற்றாக இலங்கைத் தமிழில் ‘இறைமை’ வழங்குகிறது. அங்கே அரசியலமைப்பின் 3ஆம் உறுப்பிலேயே அந்தச் சொல் உண்டு. சுருக்கமானது, பிழையும் இல்லை. தமிழ்நாட்டில் அதைக் கடவுள் தன்மை என்று படிப்போர் இருப்பதால், இங்கே சட்ட எழுத்துக்கு இறையாண்மையே பாதுகாப்பு. தேர்தலில் நிற்போர் ஏற்கும் உறுதிமொழியிலும் இருப்பது அதுதான்: இந்திய அரசமைப்பில் 1963இன் 16ஆம் திருத்தம் ‘இறையாண்மையும் ஒருமைப்பாடும்’ என்ற இணையை அங்கே கொண்டு சேர்த்தது. சுதந்திரம், மேலாதிக்கம், தன்னாட்சி என்று நாளிதழ் அவசரத்தில் மாற்றிப் போடுவது கூடாது. சுதந்திரம் பிறர் பிடியிலிருந்து விடுபட்ட நிலை. மேலாதிக்கம் வலியவர் செலுத்தும் செல்வாக்கு. தன்னாட்சி மேலுள்ளவர் வரையறுத்த எல்லைக்குள் தானே ஆள்வது. அந்த எல்லையை வரையும் உரிமை யாரிடம் இருக்கிறதோ, இறையாண்மை அவர்களிடம்.