ஆன்டிஹிஸ்டமின்: தறியிலிருந்து வந்த சொல்

குடியாத்தத்து மருந்துக் கடையில் இந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்பதில்லை. “ண்ணா, காணாக்கடி கெளம்பிடுச்சு, மாத்திர ஒண்ணு குடுங்க” என்பார்கள். தோல் தடித்து அரிப்பதுதான் காணாக்கடி. கடைக்காரர் அவிலையோ செட்ரிசினையோ கத்தரித்துத் தருவார். இரண்டும் ஆன்டிஹிஸ்டமின்தான்.

‘ஆன்டி’ என்றால் எதிர். ‘ஹிஸ்டமின்’ என்பது ஒவ்வாமையின்போது உடல் வெளியிட்டு அரிப்பையும் தும்மலையும் கிளப்பும் வேதிப்பொருள். ஹிஸ்டோஸ், அமீன் (ஒரு வேதிப்பொருள் வகை) இரண்டும் சேர்ந்த பெயர் அது. கிரேக்கத்தில் ஹிஸ்டோஸ் என்பது தறி. தறியில் நெய்த துணியும் அதுவே. உடலின் திசுவுக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்தது. திசுவை ஈழத்தவர் ‘இழையம்’ என்கிறார்கள். அங்கேயும் இழைதான்! லுங்கி நெய்யும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழில் ‘ஹிஸ்டமின் எதிர்ப்பி’ என்று எழுதுகிறோம். ஆனால் இந்த மருந்து ஹிஸ்டமினோடு சண்டை போடுவதில்லை, அதை அழிப்பதுமில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, ஹிஸ்டமின் உட்கார வேண்டிய எச்1 ஏற்பியில் (செல்லில் ஹிஸ்டமின் வந்து ஒட்டும் இடம்) இந்த மருந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே ‘ஹிஸ்டமின் ஏற்பித் தடுப்பி’ என்பதே என் தேர்வு. நீளம்தான், ஆனால் பொய் இல்லை. ‘ஒவ்வாமை முறி’ அழகான சொல். ஆனால் எல்லா ஒவ்வாமையும் ஹிஸ்டமினால் வருவதில்லை. தோல் பதனிடும் தொழிலாளிக்குக் குரோமியம் படுவதால் வரும் கரப்பான் என்ற தோல் அழற்சி இந்த மருந்தால் ஆறாது. மூச்சு முட்டும் கடும் ஒவ்வாமைக்கு அட்ரினலின் ஊசியே முதல் மருந்து.

இந்த மருந்துகளில் பழையது, புதியது என்ற பிரிவு மூளையை வைத்து வந்தது. 1937இல் முதல் ஆன்டிஹிஸ்டமினைக் கண்டவர் டேனியல் போவே. 1957இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வழியில் வந்த ஃபெனிரமின் (அதுதான் அவில்), குளோர்ஃபெனிரமின் போன்றவை மூளைக்குள் எளிதில் புகுந்துவிடும். அங்கே நம்மை விழிப்பாக வைத்திருப்பதும் ஹிஸ்டமின்தான். அதன் இடம் பறிபோனால் கண் சொக்கும். பழையவை நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினையும் தடுப்பதால் வாய் உலரும். புராஸ்டேட் வீங்கிய பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைக்கலாம்.

லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின், செட்ரிசின் ஆகியவை புதியவை. மூளையின் வாசலிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். அரிப்பு, தும்மலுக்குப் பழையவற்றுக்கு இளைத்தவை அல்ல; பெரும்பாலும் நாளுக்கு ஒரு வேளை போதும். செட்ரிசின் மட்டும் சிலருக்குத் தூக்கம் தரும். வண்டி ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஓரிடத்தில் பழையவை ஜெயிக்கும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டுகிறவர்களுக்குத் தரும் மாத்திரைகளில் பல பழைய தலைமுறையே. புதியவை அதற்கு உதவாது. மூளைக்குள் போனால்தானே!