சரிவில் மோவரைப் பிடித்து நிறுத்துவது எது? ஹைட்ராலிக் ஆயிலும் பார்க்கிங் பிரேக்கும்

இரண்டு லீவர்களால் ஓட்டும், நின்ற இடத்திலேயே திரும்பக்கூடிய புல்வெட்டும் வண்டிகளான ஜீரோ டர்ன் மோவர்களில், கார் பிரேக் போல மிதித்து நிறுத்தும் பிரேக் பெரும்பாலும் கிடையாது. லீவரை நடுநிலைக்குக் கொண்டுவந்தால் வண்டி நிற்கிறது. அந்த வேலையைச் செய்வது ஹைட்ராலிக் ஆயில். பார்க்கிங் பிரேக் என்று இருக்கும் கைப்பிடி, நின்றுவிட்ட வண்டியை நகராமல் வைத்துக்கொள்வதற்கு மட்டும்தான். இது தெரியாமல்தான் பலரும் ஆயில், ஃபில்டர் வேலையை "வேகம் குறையும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். வேகம் குறையும் அளவுக்குப் பம்ப் தேய்ந்துவிட்டால், நிறுத்தும் திறனும் அதனோடு சேர்ந்தே போயிருக்கும்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். எஞ்சினிலிருந்து வரும் பெல்ட் இடது, வலது பம்புகளைச் சுற்றுகிறது. ஒவ்வொரு பம்புக்குள்ளும் ஒரு சாய்தட்டு உண்டு. லீவரைத் தள்ளினால் தட்டு சாய்கிறது, பிஸ்டன்கள் ஆயிலை வீல் மோட்டாருக்குத் தள்ளுகின்றன, சக்கரம் சுற்றுகிறது. லீவரை இழுத்தால் தட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்து சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். நடுநிலையில் தட்டு நேராக நிற்பதால் ஆயில் போக வழியில்லை. பம்புக்கும் மோட்டாருக்கும் இடையில் அடைபட்ட அந்த ஆயில்தான் சக்கரத்தைப் பூட்டி வைக்கிறது. இந்தச் சுற்றிலிருந்து கொஞ்சம் ஆயில் எப்போதும் உள்ளுக்குள்ளேயே கசியும். அதை ஈடுகட்ட ஒரு சின்ன சார்ஜ் பம்ப் தொடர்ந்து ஆயில் ஊட்டிக்கொண்டே இருக்கும். தேய்மானம் கூடினால் உள்கசிவும் கூடும். எஞ்சினை அணைத்துவிட்டு, பார்க்கிங் பிரேக் போடாமல் சரிவில் விட்ட வண்டி மெல்ல மெல்ல நகர்வது இதனால்தான்.

பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்பதை ஓட்டுபவர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சரிவில் இறங்கும்போது, லீவர் முன்னால் தள்ளியிருக்கும் நிலையில் பெல்ட் அறுந்தால், பம்பைப் பிடித்துவைக்க எஞ்சின் இல்லை. சக்கரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் பம்பைச் சுற்ற, வண்டி தன்பாட்டுக்கு ஓடும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இரண்டு லீவரையும் நடுநிலைக்குக் கொண்டுவந்து, உடனே பார்க்கிங் பிரேக்கைப் போடுவது. அப்போது பிரேக் பிடிக்குமா என்பது முன்கூட்டியே சோதித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். ஓரங்கள் பிசிறடித்த, பக்கங்கள் கண்ணாடி போல் வழவழத்துப்போன பெல்ட்டை "இந்த சீசன் ஓடட்டும்" என்று விட்டுவைக்காதீர்கள்.

பிரேக்கை எப்படிச் சோதிப்பது

பட்டறைக்கு வரும் வண்டிகளில் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான்: சமதளத்தில் பிரேக்கைப் போட்டு, வண்டியைத் தள்ளிப் பார்த்து, "நகரவில்லை, பிரேக் நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டுவது. பைபாஸ் வால்வு (திறந்தால் அடைபட்ட ஆயிலுக்கு வழிவிட்டுச் சக்கரத்தை விடுவிக்கும் வால்வு) மூடியிருக்கும்போது வண்டியைப் பிடித்திருப்பது ஆயில். பிரேக் முழுக்கச் செத்திருந்தாலும் வண்டி நகராது. ஆயிலை விலக்கிவிட்டுப் பார்த்தால்தான் பிரேக்கின் உண்மை நிலை தெரியும்.

கெட்டியான சமதளத்தில் எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்ட் மேல் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்கக் கூடாது. பிறகு இரண்டு பக்க பைபாஸ் வால்வையும் திறங்கள். சில வண்டிகளில் இது இழுத்து மாட்டும் கம்பியாக இருக்கும், சிலவற்றில் ஸ்பேனரால் திருகும் வால்வு. திருகும் வகையில் பெரும்பாலும் ஒரு சுற்று போதும். அதற்கு மேல் திருகினால் ஆயில் கசியத் தொடங்கும். இப்போது பிரேக்கை விடுவித்துக் கையால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே லேசில் சுற்ற வேண்டும். பிரேக்கைப் போட்டுவிட்டுச் சுற்றினால் இரண்டும் அசையக் கூடாது. ஒன்று பிடித்து இன்னொன்று சுற்றினால், சரிவில் அந்த வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு இறங்கும். முழுக்கப் பிடிக்காத பிரேக்கைவிட அது ஆபத்து. சோதனை முடிந்ததும் வால்வுகளை மூட மறந்துவிட வேண்டாம்.

பிடிப்பு குறைந்தால், கைப்பிடியைப் பிரேக்கோடு இணைக்கும் லிங்கேஜ் கம்பியில் அல்லது கேபிள் முனையில் உள்ள நட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் மீண்டும் சுற்றிப் பாருங்கள். பல வண்டிகளில் பிரேக் போட்ட நிலையில் ஸ்பிரிங்கின் நீளம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று கையேடு சொல்லும். அந்த அளவை ஸ்கேல் வைத்தே பாருங்கள், கண்மதிப்பு வேண்டாம். அளவுக்கு மேல் இறுக்கினால் விடுவித்த பிறகும் லைனிங் (பிரேக்கின் உராய்வுப் பட்டை) சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். லைனிங் சூடேறி வழவழத்துப்போய், கடைசியில் பிடிப்பே இல்லாமல் போகும். வேலை முடிந்து நிறுத்தியதும் டிரம் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் உரசுகிறது.

இறுக்கியும் பிடிக்கவில்லை என்றால் லைனிங்கைப் பாருங்கள். வீல் மோட்டார் சீல் கசிந்து லைனிங்கில் ஆயில் ஊறியிருந்தால், கிளீனர் தெளித்துத் துடைப்பதில் பயனில்லை. மேல்பரப்பு காயும், சூடேறினால் உள்ளே ஊறியது மீண்டும் வெளியே வரும். சீல், லைனிங் இரண்டையும் மாற்றித்தான் ஆக வேண்டும். சீலை மாற்றச் சக்கர ஹப்பைக் கழற்றும்போது சுத்தியலால் தட்டாதீர்கள். பெரும்பாலும் ஹப் ஒரு கூம்பு ஷாஃப்டில் இறுகியிருக்கும். அடி நேராக மோட்டார் பேரிங்கில் இறங்கும். புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டுக் கழற்றி, திரும்ப மாட்டும்போது கையேடு சொல்லும் டார்க்குக்கு (திருகு விசைக்கு) இறுக்குங்கள்.

இன்னொரு வகை வண்டிகளில் பிரேக் டிரான்ஸ்மிஷனுக்கு உள்ளேயே இருக்கும். ஒரு கொக்கி பல்சக்கரத்தில் விழுந்து பூட்டும். உருண்டுகொண்டிருக்கும்போது இதைப் போட்டால் பல் உடையும், துண்டுகள் ஆயிலில் கலந்து பம்பையும் கெடுக்கும். எந்த வகையானாலும் வண்டி முழுதாக நின்ற பிறகே பிரேக் என்ற பழக்கம் ஓட்டுபவருக்கு வர வேண்டும். அவசரத்தில் மட்டும்தான் விதிவிலக்கு.

ஆயிலும் ஃபில்டரும்

எந்த ஆயில் என்பதை வண்டியின் கையேடுதான் முடிவு செய்ய வேண்டும். ஜீரோ டர்ன் வண்டிகளில் பல 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில் கேட்கும், சில 15டபிள்யூ-50 சிந்தெடிக், இன்னும் சில அந்த நிறுவனத்தின் தனி ஹைட்ராலிக் ஆயில். மெல்லிய ஆயிலை ஊற்றினால் சூடேறியதும் உள்கசிவு கூடி, மதியத்துக்கு மேல் வண்டி இழுக்காது. ஒன்றோடொன்று கலப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

பம்பும் மோட்டாரும் ஒன்றாக உள்ள யூனிட்களில் முதல் மாற்றம் 75 முதல் 100 மணி நேரத்திலும், அதன்பின் 400 மணி நேரத்துக்கு ஒருமுறையும் என்று பொதுவாக வரும். மற்ற வண்டிகளில் இது 250-இலிருந்து 500 வரை மாறும். முதல் மாற்றத்தைத் தவறவிடாதீர்கள். புதிய பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் உலோகத்தூள் அந்த ஆயிலில்தான் இருக்கும். இந்த ஃபில்டர்கள் 10 முதல் 25 மைக்ரான் அளவிலான தூளைப் பிடிப்பவை. அளவும் திரெட்டும் பொருந்துகிறது என்று கார் எஞ்சின் ஃபில்டரை மாட்டும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதன் உள்ளமைப்பே வேறு. பம்புக்குப் போகும் ஆயில் வடிகட்டப்படாமலும் போகலாம், போதாமலும் போகலாம்.

மாற்றும் முறை இது. மூடியையும் ஃபில்டரையும் சுற்றி ஒட்டியிருக்கும் புல், மண் எல்லாவற்றையும் முதலில் துடைத்து எடுங்கள். திறந்த வாய் வழியாக விழும் ஒரு சிட்டிகை மண் போதும், பம்ப் கீறிவிடும். ஃபில்டரைக் கழற்றி ஆயிலை வடியவிடுங்கள். பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து பாருங்கள். சாம்பல் நிற மெல்லிய பூச்சு இயல்பு. பித்தளை நிறத்தில் மின்னும் செதில்கள் தெரிந்தால் பம்ப் அல்லது மோட்டாரின் உள்பாகம் தேய்கிறது. புதிய ஃபில்டரின் ரப்பர் கேஸ்கெட்டில் ஆயில் தடவி, கேஸ்கெட் தொடும்வரை கையால் திருகி, பிறகு முக்கால் சுற்று இறுக்குங்கள். மேலே காற்றுத் துளை பிளக் உள்ள யூனிட்களில், ஊற்றும்போது அதைத் தளர்த்தி வையுங்கள். அந்தத் துளையில் ஆயில் எட்டிப்பார்த்ததும் பிளக்கை மூடிவிட்டு, தொட்டியில் குறித்த மட்டம்வரை நிரப்புங்கள். மட்டத்தை ஆயில் ஆறியபின் பார்க்கச் சொல்லும் வண்டிகளே அதிகம். சூட்டில் விரிந்த ஆயிலைப் பார்த்து மட்டம் சரி என்று நினைத்தால், உண்மையில் குறைவாக ஓட்டுவீர்கள்.

ஆயில் மாற்றியபின் காற்றை வெளியேற்றாமல் வேலைக்கு அனுப்பக் கூடாது. பின்சக்கரங்கள் தரையில் படாமல் ஸ்டாண்டில் இருக்க, பைபாஸைத் திறந்து, எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, லீவர்களை முன்னும் பின்னும் மெதுவாக 5, 6 முறை நகர்த்துங்கள். எஞ்சினை அணைத்து, மட்டம் பார்த்து, குறைந்ததை ஊற்றுங்கள். பைபாஸை மூடி இதையே மறுபடியும் செய்யுங்கள். சக்கரங்கள் இரு திசையிலும் திணறாமல் சுற்றி, பம்பின் ஊளைச் சத்தம் அடங்கும்வரை தொடர வேண்டும். நுரைத்த ஆயில் அழுத்தத்தில் சுருங்கும். சுருங்கும் ஆயிலால் சக்கரத்தைப் பூட்ட முடியாது. நிறுத்தும்போது வண்டி லேசாக வழுக்குவது அதனால்.

ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இதற்குப் பெரும்பாலும் காரணம் பிரஷர் வாஷர். சூடான தொட்டியின் காற்றுத் துளை மூடியில் நேராகத் தண்ணீர் பீய்ச்சினால், தொட்டி ஆறும்போது காற்றோடு தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பம்பையும் தொட்டியையும் காற்றடித்தோ பிரஷ்ஷாலோ சுத்தம் செய்வதே நல்லது. பம்ப் மேல் இருக்கும் விசிறியின் ஒரு இறக்கை உடைந்திருந்தாலும், கூலிங் துடுப்புகளில் புல் அடைத்திருந்தாலும் ஆயில் சூடேறிக் கருகும்.

இழுவை குறைந்தால்

பம்பைக் குறை சொல்வதற்கு முன்னால், குறை ஒரு பக்கத்திலா இரண்டு பக்கத்திலுமா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுக்கவில்லை என்றால் பொதுவான காரணம் ஒன்று இருக்கும்: பெல்ட் வழுக்குகிறது, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, பொதுத் தொட்டியில் ஆயில் குறைவு. ஒரு பக்கம் மட்டும் பலவீனம் என்றால், ஒரே பெல்ட் இரண்டையும் ஓட்டும் வண்டியில் பெல்ட் காரணமாக இருப்பது அரிது. அந்தப் பக்கத்து பைபாஸ் முழுக்க மூடியிருக்கிறதா, லீவரைப் பம்போடு இணைக்கும் லிங்கேஜ் தளர்ந்திருக்கிறதா, பிரேக் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால் முதலில் இரண்டு டயரின் காற்றழுத்தத்தையும் அளந்துவிடுங்கள். பாதி நேரம் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

ஆயில், ஃபில்டர், பெல்ட், பைபாஸ் எல்லாம் சரியாக இருந்தும், குளிரில் நன்றாக ஏறி, சூடானதும் ஏற்றத்தில் திணறினால் உள்தேய்மானம்தான். அப்போது பம்பா மோட்டாரா என்பதை அழுத்தமானி போட்டுப் பார்ப்பவரிடம் கொடுங்கள். லீவர் நடுநிலையில் இருந்தும் வண்டி ஊர்ந்தால் அதை பிரேக்கால் அடக்கக் கூடாது. நடுநிலை அமைப்பை லிங்கேஜில் சரிசெய்ய வேண்டும்.

ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை கிடைக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். "ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது" என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஃபிட்டிங்கைக் கழற்றும் முன் எஞ்சினை அணைத்து, லீவர்களை முன்னும் பின்னும் நகர்த்தி அழுத்தத்தை விடுவியுங்கள். ஓ-ரிங் உள்ள ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். கிழிந்த துணுக்கு உள்ளே போய் வால்வில் சிக்கும்.

ஓடாத வண்டியை நகர்த்த பைபாஸைத் திறந்து கையால் தள்ளுங்கள், கட்டி இழுக்காதீர்கள். இழுத்தால் மோட்டார் போதிய ஆயில் இல்லாமல் சுற்றி உள்பாகங்கள் கீறிவிடும்.

கடைசியாக, பிரேக்கோடும் சீட்டோடும் இணைந்த சுவிட்சுகளை ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் பாருங்கள். பிரேக் போடாமல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் கூடாது. பிரேக்கை விடுவித்த நிலையில், பிளேடு ஓடாமல், சீட்டிலிருந்து லேசாக எழுந்தால் எஞ்சின் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் யாராவது வயரைச் சேர்த்து முறுக்கி சுவிட்சை ஒதுக்கியிருக்கிறார்களா என்று தேடுங்கள். அப்படி இருந்தால் சுவிட்சை மாற்றும்வரை அந்த வண்டியை யாருக்கும் ஓட்டக் கொடுக்காதீர்கள், சாவியையும் வண்டியில் விட்டுவைக்காதீர்கள்.